வேட்டை பார்வையில் தொடங்குகிறது

கோழியின் உடம்பில் காயம் இல்லை. இறகு ஒன்றிரண்டு உதிர்ந்து கிடக்கிறது. ரத்தம் இல்லை, பல் பட்ட தடமும் இல்லை. பக்கத்தில் ஆறு மாத நாய்க்குட்டி வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. எழுந்து ஓடாதா என்று முன்காலால் தட்டித் தட்டிப் பார்க்கிறது. 'பயத்திலேயே செத்துப்போச்சு' என்கிறார்கள் வீட்டில். பல நேரம் உண்மைக் காரணம் வேறு. அந்தக் கோழி மூச்சு முட்டிச் செத்திருக்கும்.

நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசைத்திரை இருக்கிறது. அது இறங்கி ஏறுவதால் நுரையீரலுக்குள் காற்று போய் வருகிறது. பறவைகளுக்கு அந்தத் திரை இல்லை. கோழியின் நுரையீரல் நம்முடையதைப் போல விரிந்து சுருங்குவதும் இல்லை. உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பைகள்தான் துருத்தியின் வேலையைச் செய்கின்றன. அந்தப் பைகள் விரிய வேண்டுமானால் மார்பெலும்பு முன்னும் கீழுமாக அசைய வேண்டும். கோழியைத் தரையில் அமுக்கி, மேலே ஒரு பாதத்தை வைத்து அழுத்தினால் மார்பெலும்பு அசையாது. சிறிது நேரம் போதும், கதை முடிந்துவிடும். நாய்க்குட்டி கடிக்கவே இல்லை. விளையாடியது, அவ்வளவுதான்.

இங்கிருந்து தொடங்க ஒரு காரணம் உண்டு. நாயும் கோழியும் ஒரே முற்றத்தில் வளரும் வீடுகளில் நடக்கும் இழப்புகளுக்கு நாயின் கெட்ட குணத்தைக் காரணம் சொல்லிவிடுகிறோம். அதன் பிறகு நடப்பது எல்லோருக்கும் தெரியும். அடி விழும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுவார்கள். அதுவும் போதாவிட்டால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வருவார்கள். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு அடிப்பதையும் கைவிடுவதையும் குற்றம் என்கிறது. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் இருப்பதும் அதே பிரிவின்படி குற்றமே. சட்டத்தை விட்டுத்தள்ளினாலும், இந்த மூன்றும் கோழியைக் காப்பாற்றுவதில்லை. எது காப்பாற்றும் என்று அறிய நாயின் மூளைக்குள் வேட்டை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இது ஏதோ நாலு வீட்டுப் பிரச்சினை அல்ல. 2019-இல் எடுத்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் கோழியினப் பறவைகள் 85 கோடிக்கும் மேல். அவற்றில் புறக்கடையில் வளர்பவை மட்டும் ஏறக்குறைய 31.7 கோடி, முந்தைய கணக்கெடுப்பைவிட 46 விழுக்காடு அளவுக்கு அதிகம். மொத்த எண்ணிக்கையில் மாநிலங்களுள் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. கிராமத்தில் நாலு பெட்டையும் ஒரு சேவலும் ஒரு பெண்ணின் கைச்செலவுக் காசு. அந்தக் காசு ஒரு நாள் மதியம் நாயின் வாயில் போனால் கோபம் வருவது இயல்பு. நாய் மீது இரக்கம் காட்டுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் பேசுவதற்கு முன், அவர் கோழி சாகாமல் இருக்க வழி சொல்லியாக வேண்டும்.

ரேமண்ட் காப்பிங்கர் என்ற அமெரிக்க உயிரியலாளர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் 1970-களின் பிற்பகுதியில் மந்தைக் காவல் நாய்களைப் பற்றிய நெடிய ஆய்வைத் தொடங்கினார். நாயின் வேட்டை ஒற்றைச் செயல் அல்ல, அடுத்தடுத்து வரும் பல அசைவுகளின் தொடர் என்று அவர் விளக்கினார். முதலில் இரையின் பக்கம் திரும்புவது. பிறகு கண்கொட்டாமல் வெறிப்பது. பதுங்கி நெருங்குவது. துரத்துவது. கவ்வுவது. கொல்லும் கடி. கிழிப்பது. தின்பது. ஓநாயிடம் இந்தத் தொடர் முழுதாக இருக்கிறது. நாயினங்களில் மனிதன் தன் தேவைக்கேற்ப சில கண்ணிகளைக் கூர்மையாக்கி, சிலவற்றை மழுங்கடித்திருக்கிறான். ஆடு மேய்க்கும் பார்டர் காலி வெறிப்பதிலும் பதுங்குவதிலும் துரத்துவதிலும் உச்சம். அதோடு நிற்க வேண்டும், கடித்தால் அதற்கு வேலை இல்லை. மந்தையைக் காக்கும் இனங்களிடம் இந்தத் தொடரே மங்கியிருக்கிறது. அவற்றுக்கு ஆடு ஓடினாலும் அதன் பின்னால் ஓடத் தோன்றுவது குறைவு.

இதில் நமக்கு முக்கியமானது ஒன்று. இந்த அசைவுகள் ஒவ்வொன்றும் நாய்க்குத் தன்னளவிலேயே இன்பம் தருபவை. துரத்துவதற்கான கூலி துரத்துவதிலேயே இருக்கிறது. ஆகவே வயிறு நிறையச் சோறு போட்டால் நாய் கோழியைத் தொடாது என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. பசி கடைசிக் கண்ணியோடு சம்பந்தப்பட்டது. துரத்தலுக்கும் வயிற்றுக்கும் தொடர்பு மிகக் குறைவு. கொன்ற கோழியைத் தின்னாமல் போட்டுவிட்டு அடுத்ததைத் துரத்தும் நாயைப் பார்த்து 'எவ்வளவு வெறி பாரு' என்கிறோம். அடைபட்ட கூண்டுக்குள் புகுந்த நாய் பத்துக் கோழியையும் கொன்றுபோடுவதன் காரணமும் இதுதான். காட்டில் ஒன்றைப் பிடிப்பதற்குள் மற்றவை பறந்து மறைந்துவிடும், வேட்டையும் அங்கே முடியும். கூண்டில் அவை மறைய வழியில்லை. ஒவ்வொரு சிறகடிப்பும் தொடரை மறுபடி முதலிலிருந்து தூண்டுகிறது. தேவைக்கு மேல் கொல்லும் இந்தப் போக்கை ஹான்ஸ் க்ரூக் என்ற விலங்கியலாளர் நரி முதலிய ஊனுண்ணிகளிடம் ஆராய்ந்து 1972-இல் எழுதினார்.

சரவெடியில் முதல் திரி பற்றினால் கடைசி வெடி வரை தானாகப் போய்விடுமே, நாயின் வேட்டையும் அப்படியே. கோழியை வாயில் கவ்விய பிறகு 'விடு, விடு' என்று கத்துவதால் பயன் கொஞ்சம். துரத்தத் தொடங்கிய பிறகு கூப்பிட்டாலும் காதில் விழுவது அரிது. அணைக்க முடிந்த இடம் முதல் திரி ஒன்றுதான். அதாவது, பார்வை. தலை சற்றுத் தாழ்ந்து, வாய் மூடி, உடம்பு விறைத்து, ஒரு முன்கால் தரையிலிருந்து மேலே எழும்ப, கண் கோழி மீது குத்திட்டு நிற்கிறதே, அந்த நொடி. அப்போது பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற நாய் இன்னும் நம் கையில் இருக்கிறது. திரும்பாத நாயின் கயிறு நம் கையில் இருக்க வேண்டும்.

இனத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயல் துரத்த என்றே பேணப்பட்டவை. ஓடும் சிறு உயிரைக் கண்ணால் கண்டதும் பாய்வதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த உடம்பும் மூளையும் அவற்றுக்கு. அப்படி ஒரு நாயை வீட்டில் வைத்துக்கொண்டு, 'நல்லாப் பழக்கிட்டேன்' என்று கோழிகளோடு தனியே விட்டுப் போவது நாய்க்கும் அநியாயம், கோழிக்கும் அநியாயம். அவை கோழி உள்ள வீட்டில் இருக்கவே கூடாது என்பதில்லை. நடுவில் எந்நாளும் வேலி இருக்க வேண்டும். ராஜபாளையம், கோம்பை போன்ற காவல் நாய்களும் வேட்டைக்குப் பழகிய மரபு உடையவைதான். நாட்டு நாய்களிடம் குணம் பலவகை. கோழி பிடிக்கிற நாயை எந்த ஊரும் நெடுநாள் பொறுத்துக்கொண்டதில்லை என்பதால், கோழிக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த தெருநாய்க் குட்டி பல நேரம் சாதி நாயைவிட நல்ல தேர்வு என்பது என் எண்ணம். வெளிநாட்டில் டெரியர் இனங்கள் எலி போன்ற சிற்றுயிர்களைக் கொல்லவே உருவானவை. அடுக்குமாடியில் செல்லமாக வளர்ந்த டெரியர் ஊருக்கு வந்த முதல் நாளே கோழி மேல் பாய்வதில் வியப்பில்லை.

ஆனால் இனம் பாதிதான். மீதியை முதல் சில வாரங்கள் எழுதுகின்றன.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1965-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். பிறந்து ஏறக்குறைய 3 வாரம் முதல் 12 வாரம் வரை உள்ள காலத்தில் குட்டி யாரோடெல்லாம் பழகுகிறதோ, அவர்களைத் தன் கூட்டமாக ஏற்றுக்கொள்கிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. அந்தக் காலத்தில் மனிதரையே பார்க்காமல் வளர்ந்த குட்டிகள் பிறகு மனிதரைக் கண்டு ஒதுங்கின. மந்தைக் காவல் நாயை உருவாக்குகிறவர்கள் பயன்படுத்துவது இந்தக் காலச் சாளரத்தைத்தான்: குட்டியை ஆட்டுப் பட்டியிலேயே வளர்ப்பார்கள், அது ஆட்டைத் தன் இனமாக எண்ணி வளரும்.

கோழிக்கும் இது பொருந்துமா? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வார்னம்பூல் என்ற கடலோர ஊர் இருக்கிறது. அங்கே ஆலன் மார்ஷ் என்ற பண்ணையாளர், ஊர்க்காரர்களுக்கு 'ஸ்வாம்பி', திறந்தவெளியில் கோழி வளர்த்தார். நரித் தொல்லைக்கு அவர் கண்ட மருந்து இத்தாலியின் மரெம்மா இன நாய். வெள்ளை நிறம், அடர்ந்த ரோமம், பெரிய உடம்பு. கோழிகளோடு வளர்ந்த அந்த நாய்கள் நரியை அண்டவிடவில்லை.

அந்த ஊர்க் கரையை ஒட்டி மிடில் ஐலண்ட் என்ற சிறு தீவு. உலகிலேயே மிகச் சிறிய பென்குயின் இனம் அங்கே கூடு கட்டும். ஒன்று ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும், கிட்டத்தட்ட ஒரு நாட்டுக்கோழியின் எடை. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தன. கடல் வற்றும் வேளையில் நரிகள் நடந்தே தீவுக்குப் போக, 2005 வாக்கில் எண்ணிக்கை பத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கோழியைக் காக்கிற நாய் பென்குயினைக் காக்காதா என்ற யோசனை மார்ஷின் பண்ணையிலிருந்து வந்தது. 2006-இல் 'ஆட்பால்' என்ற மரெம்மாவைத் தீவில் விட்டார்கள். அடுத்த பத்தாண்டுகளில் பென்குயின்கள் நூறைத் தாண்டின. பின்னால் வந்த இரண்டு நாய்களுக்கு யூடி, டூலா என்று பெயர். அந்தப் பென்குயினின் அறிவியல் பேரினமான யூடிப்டுலாவை இரண்டாகப் பிரித்து வைத்தது. 2015-இல் இதைத் திரைப்படமாகவும் எடுத்தார்கள். 2017-இல் கடல் கொந்தளிப்பால் நாய்களைத் தீவுக்குக் கொண்டுபோக முடியாத நாட்களில் நரி புகுந்து ஏறக்குறைய 70 பென்குயின்களைக் கொன்றது. நாய் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

இதைப் படித்ததும் மரெம்மாக் குட்டி எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டாம். அந்த ரோமத்தோடு நம் ஊர்க் கோடையில் அது படும் பாடு கொடுமை. எடுத்துக்கொள்ள வேண்டியது வளர்ப்பு முறையைத்தான். குட்டி வீட்டுக்கு வரும்போது வழக்கமாக எட்டு வார வயது. சாளரம் இன்னும் நாலு வாரம் திறந்திருக்கிறது. 'கொஞ்சம் வளரட்டும், பிறகு கோழியைக் காட்டலாம்' என்று ஒத்திப்போடும் அந்த நாலு வாரம்தான் மிகவும் விலை உயர்ந்தது.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு வீட்டில் அதைக் கண்ணால் பார்த்தேன். கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடையான பஞ்சாரத்துக்குள் தாய்க்கோழியும் குஞ்சுகளும். வெளியே இடுப்புக் கயிற்றில் ஒரு செவலைக் குட்டி, கயிற்றின் மறுமுனை திண்ணைத் தூணில். தூணடியில் உட்கார்ந்து ஆச்சி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். குட்டி பஞ்சாரத்தை முகர்ந்தது. தாய்க்கோழி உள்ளேயிருந்து சிலிர்த்துக்கொண்டு மூங்கில் இடுக்கில் அலகை நீட்டி ஒரு கொத்து கொத்தியது. குட்டி இரண்டடி பின்வாங்கி ஆச்சியைத் திரும்பிப் பார்த்தது. 'வாடா இங்க' என்றார். ஓடி வந்ததும் மடியிலிருந்து ஏதோ எடுத்துப் போட்டார்.

"இது பெரிசானா கோழியப் பிடிக்காதா ஆச்சி?"

"பிடிக்கும்யா, விட்டாப் பிடிக்கும். நான் விடணும்லா?"

நாய்ப் பயிற்சியாளர்கள் கற்றுத்தருவதும் இதே முறைதான். பஞ்சாரம் இதற்கென்றே செய்துவைத்த கருவி போல இருக்கிறது. கோழிகள் தெரியும், மணக்கும், அசையும், ஆனால் சிதறி ஓட முடியாது. ஓட்டம் இல்லாவிட்டால் துரத்தலின் திரி பற்றாது. நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பதினைந்து இருபது அடி தள்ளி நில்லுங்கள். நாய் கோழியைப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் கணத்தில் ஒரு சிறு ஈரல் துண்டு கொடுங்கள். கோழியைப் பார்த்தால் எஜமானரிடம் திரும்ப வேண்டும், திரும்பினால் நல்லது கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்வது சில நாட்களிலேயே தெரியும். வெறிக்கத் தொடங்கினால் தூரம் போதவில்லை என்று பொருள். திட்டாமல் இன்னும் தள்ளிப் போங்கள். நாளுக்கு இரண்டு தடவை, ஐந்து பத்து நிமிடம் போதும். இந்தத் துண்டு முட்டையாகவோ கோழி எலும்பாகவோ இருக்க வேண்டாம். முட்டைச் சுவை கண்ட நாய் அடைப்பெட்டியைத் தேடிப் போகும்.

தூரம் குறைந்து, பஞ்சாரத்தின் அருகிலேயே நாய் சோம்பலாகப் படுக்கிற நிலை வந்த பிறகு கோழிகளைத் திறந்துவிட்டு, நாயைக் கயிற்றிலேயே வைத்திருங்கள். இந்தக் கட்டம் வாரக்கணக்கில் போகும், மாதமும் ஆகலாம். கோழி திடீரென இறக்கையடித்துப் பறக்கும் நேரமே உண்மையான தேர்வு. அப்போதும் நாய் உங்களைத் திரும்பிப் பார்த்தால் பாடம் ஊறிவிட்டது. நல்ல குட்டி என்று பெயர் எடுத்த நாயும் நாலைந்து மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை ஒரு துடுக்குப் பருவத்தைக் கடக்கும். மந்தைக் காவல் நாய்களே இந்த வயதில் விளையாட்டாகத் துரத்திக் கோழியைக் கொன்றுவிடுவது உண்டு. கட்டுரையின் தொடக்கத்தில் வந்த குட்டி அந்த வயதுக்காரன்தான். குட்டியாக இருந்தபோது ஒழுங்காக இருந்ததே என்று கயிற்றை அவிழ்த்துவிடுகிற வீடுகளில்தான் இழப்பு அதிகம்.

நாயை மட்டும் பார்த்தால் போதாது. கோழியும் பேசுகிறது. 1990-களில் கிறிஸ் எவன்ஸ், லிண்டா எவன்ஸ், பீட்டர் மார்லர் ஆகியோர் கோழியின் எச்சரிக்கைக் குரல்களை ஆராய்ந்தார்கள். மேலே பருந்தின் உருவம் கடந்தால் ஒரு விதக் குரல், தரையில் ஊனுண்ணி வந்தால் 'கொக்-கொக்-கொக்' என்று விட்டு விட்டு வரும் வேறு குரல். எதிரியே இல்லாமல் பதிவு செய்த குரலை மட்டும் ஒலிபரப்பினார்கள். வானக் குரலைக் கேட்ட பெட்டைகள் பதுங்கி மேலே பார்த்தன. தரைக் குரலைக் கேட்டவை கழுத்தை நீட்டி நிமிர்ந்து சுற்றும் முற்றும் நோட்டமிட்டன. நம் பாட்டிகள் இந்த இரண்டையும் அடுப்படியிலிருந்தே பிரித்தறிவார்கள். ஒன்றைக் கேட்டால் வானத்தைப் பார்த்துக் கை தட்டுவார்கள், மற்றதைக் கேட்டால் கம்பை எடுப்பார்கள். உங்கள் நாயைக் கண்டதும் கோழிகள் அந்தத் தரைக் குரலை எழுப்புகின்றனவா என்று கவனியுங்கள். எழுப்பினால் நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் கோழிகள் ஒப்புக்கொள்ளவில்லை. நாய் கண்ணெதிரே இருக்கையிலேயே கோழி குழி பறித்து மண் குளியல் போட்டால், ஒரு பக்கம் சாய்ந்து இறக்கையை விரித்துக் கண்ணை மூடினால், ஒப்புக்கொண்டுவிட்டது. பதற்றத்தில் உள்ள கோழி மண்ணில் புரளாது.

பிடிபட்ட கோழி துவண்டு அசைவற்றுப் போவதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1646-இலேயே அதனாசியஸ் கிர்ஷர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் கோழியைத் தரையில் அமுக்கிப் பிடித்து, அலகுக்கு முன்னால் கோடு கிழித்தால் அது அசையாமல் கிடப்பதை வியந்து எழுதினார். அதற்குக் கோடு தேவையில்லை. அமுக்கிப் பிடித்ததே காரணம். இன்று ஆய்வாளர்கள் இந்தச் செத்த பாவனையைக் கோழியின் பயத்தை அளக்கும் கோலாகவே பயன்படுத்துகிறார்கள்: எவ்வளவு நேரம் அப்படிக் கிடக்கிறதோ அவ்வளவு பயம். இதில் உயிர் தப்பும் வாய்ப்பு இருக்கிறது. அசைவு நின்றால் பல நாய்களுக்கு ஆர்வம் குறையும், பிடி தளரும். ஆகையால் நாயின் வாயிலிருந்து விழுந்து துவண்டு கிடக்கும் கோழியைச் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஓர் அட்டைப்பெட்டியில், இருட்டில், கதகதப்பாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். எழுந்ததும் இறகை விலக்கித் தோலைத் தேடுங்கள். நாயின் பல் சிறு துளையிட்டு உள்ளே ஆழமாகப் போயிருக்கும். மேலே இறகு மூடிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நாயின் வாயிலுள்ள கிருமிகள் உள்ளே போய்விட்டன. தோலுக்கடியில் காற்று சேர்ந்து பொதபொதவென்று உப்பியிருந்தால் காற்றுப்பை கிழிந்திருக்கிறது. உப்பு நீரால் கழுவி, மஞ்சளோடு நிறுத்தாமல் கால்நடை மருத்துவரிடம் அன்றே காட்டுங்கள்.

கொன்ற நாயை அடிப்பதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நாய் தன் செயலையும் அதன் விளைவையும் இணைத்துக்கொள்ள இடைவெளி மிகச் சிறிதாக, ஓரிரு விநாடியாக, இருக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்துச் செத்த கோழியைக் காட்டி அடித்தால் அது கற்பது என்ன? எஜமானர் கையில் கோழி இருந்தால் அடி விழும் என்பதை. 'தப்புன்னு அதுக்கே தெரியுது பாருங்க, எப்படி முழிக்குது' என்பார்கள். நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியில் அலெக்சாண்ட்ரா ஹாரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டார். தின்னக் கூடாது என்று சொல்லி வைத்த தின்பண்டத்தை நாய் உண்மையில் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் 'குற்றப் பார்வை'க்கும் தொடர்பே இல்லை. திட்டு விழுந்தபோது அது வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் இன்னும் அழுத்தமாக வந்தது. நாம் குற்ற உணர்வு என்று படிப்பது வெறும் பயம். செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிடும் பழைய வைத்தியத்தைப் பல நாடுகளில் செய்திருக்கிறார்கள். அழுகல் நாற்றத்தோடு நாள் கணக்கில் திரியும் அந்தப் பிராணி எதையும் கற்பதில்லை. அது சித்திரவதை; செய்யவே கூடாது.

பயிற்சியைவிட நம்பகமானது வேலி. கடையில் கிடைக்கும் மெல்லிய அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும். நாயை வெளியே வைத்திருக்காது, இழுத்தால் பிய்ந்துவிடும். பற்றவைத்த கம்பிவலை, அதாவது வெல்டு மெஷ், வேண்டும். உயரம் ஐந்தடிக்குக் குறையக் கூடாது. நாயும் கீரியும் தோண்டி நுழையாதபடி வலையின் அடியை ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்க வேண்டும், அல்லது வெளிப்புறமாக ஓரடி அகலத்துக்குத் தரையில் மடித்து மேலே கல் பரப்ப வேண்டும். முற்றத்தில் கோழிகள் மேயும் இடத்தில் இரண்டு மூன்று புகலிடங்களும் இருக்கட்டும்: கோழி நுழையும், நாய் நுழையாத சந்து; தாவி ஏற உயரமான கிளை அல்லது பரண். துரத்தல் தொடங்கிவிட்டால் கோழிக்கு உயிர் அந்த இரண்டு விநாடியில் கிடைக்கும் மறைவுதான்.

பலரும் கவனிக்காத ஒன்று நாயின் சாப்பாட்டுத் தட்டு. கோழி வெட்கமில்லாமல் நாயின் சோற்றில் தலையை விடும். வேட்டையில் துளியும் நாட்டமில்லாத, பத்து வயதுக் கிழ நாய்கூடத் தட்டைக் காக்க ஒரு கடி கடித்துவிடும். கோழிக்கு அந்த ஒரு கடி போதும். நாய்க்குக் கோழி வராத இடத்தில், திண்ணை மேலோ வீட்டுக்குள்ளோ, சோறு போடுங்கள். தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். குட்டி போட்ட நாயின் பக்கமும் கோழிகளை விடாதீர்கள். எதிர்த்திசை ஆபத்தும் உண்டு: குஞ்சோடு திரியும் தாய்க்கோழி நாய்க்குட்டியின் முகத்தில் பாய்ந்து கொத்தும். கண்ணில் பட்டால் கண் போகும். முதல் சந்திப்பைப் பஞ்சாரம் வழியே வைப்பது குட்டியின் கண்ணுக்கும் நல்லது.

நோய்களில் சிலவற்றைச் சொன்னால் போதும். கோழி எச்சத்தில் சால்மொனெல்லா இருக்கலாம். அதைத் தின்னும் நாய்க்கு நோய் தெரியாமலேகூட இருந்து, குழந்தையின் முகத்தை நக்கும்போது வீட்டுக்குள் வந்து சேரும். கோழியின் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொத்தாக ஒட்டிக்கொள்ளும் ஒரு வகைத் தெள்ளுப்பூச்சி நாயின் காதிலும் ஒட்டும். ஒன்றுக்கு மட்டும் மருந்து போட்டால் ஒழியாது. கடையில் வாங்கும் கோழித் தீவனம் சிலவற்றில் ரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் கலந்திருக்கும். அவை அளவு மீறினால் நாய்க்கு நஞ்சு, தசை தளர்ந்து விழும். மூட்டையை மூடி வையுங்கள். கூண்டருகே எலி மருந்து வைப்பது இரண்டுக்கும் ஆபத்து.

நோயில் செத்த கோழியை நாய்க்குப் போடும் பழக்கத்தை மட்டும் இன்றே நிறுத்திவிட வேண்டும். 2004-இல் தாய்லாந்தில் பறவைக் காய்ச்சலால் செத்த வாத்தைத் தின்ற நாய் அதே எச்5என்1 வைரஸால் செத்தது ஆவணமாகியிருக்கிறது. 2023-இல் கனடாவில் காட்டு வாத்தினப் பறவை ஒன்றைக் கடித்த நாயும் அப்படியே. வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயில் செத்த கோழியை நாய் ஊரெல்லாம் இழுத்துத் திரிந்தால் அடுத்த தெருக் கோழிகளுக்கும் நோய் போகும். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். அரசு கால்நடை மருந்தகங்கள் ஆண்டுதோறும் நடத்தும் கழிச்சல் தடுப்பூசி முகாமுக்குக் கோழிகளைக் கொண்டுபோகும் அன்றே, நாயின் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் தேதி கேட்டு வந்துவிடலாம்.

ஏற்கெனவே கோழியைக் கொன்று பழகிய, வளர்ந்த நாயை என்ன செய்வது? துரத்தலின் இன்பத்தைக் கண்ட நாயிடமிருந்து அந்த நினைவை அழிக்க யாராலும் முடியாது. கயிற்றுப் பயிற்சியால் உங்கள் முன்னிலையில் அடங்கி நடக்கும். நீங்கள் உள்ளே போனதும் என்ன செய்யும் என்பதற்கு உத்தரவாதம் தர முடியாது. ஆகவே முற்றத்தை இரண்டாகப் பிரியுங்கள், அல்லது நேரத்தைப் பிரியுங்கள். காலையில் கோழிகள் மேயட்டும், நாய் வீட்டுக்குள் அல்லது தனிக் கொட்டகையில் இருக்கட்டும். மாலை நீண்ட நடைக்கு நாயைக் கூட்டிப் போங்கள். பொழுது சாய்ந்து கோழிகள் அடைந்ததும் கூண்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நாயை அவிழ்த்துவிடுங்கள். மரநாயும் காட்டுப்பூனையும் வருவது இரவில்தான். வெல்டு மெஷ்ஷுக்கு வெளியே ஒரு நாய் நடமாடிக் குரைத்தால், பகலில் கோழியைத் துரத்திய அதே நாயாக இருந்தாலும், அவை கூண்டை நெருங்கத் தயங்கும்.